விடுமுறைக்கென ஒரு மிதக்கும் நகரம்

தமிழில் கடற்கலங்களைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கலம், நாவாய், வங்கம், தோணி, ஓடம் என்று நம் முன்னோர் அவற்றுக்குப் பல பெயர் வழங்கினர். நம்முடைய கட்டுமரமோ ஆங்கில அகராதியிலேயே ஏறி இடம் பிடித்துக்கொண்டது. இக்கலங்கள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. மீன் பிடிக்கவோ, வாணிகம் செய்யவோ, ஆட்களை அக்கரை சேர்க்கவோ, ஏதேனும் ஒரு காரியத்தின் பொருட்டே அவை நீரில் இறங்கின. புறப்பட்ட துறைக்கே திரும்பி வருவதைத் தவிர வேறு காரியம் இல்லாத கப்பலும் உலகில் உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் 'குரூஸ்' கப்பல் என்பர். நாம் 'உல்லாசக் கப்பல்' என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். ஓரிடத்தை அடைவதற்காக இதில் எவரும் ஏறுவதில்லை. கப்பலில் இருப்பதே இங்கே நோக்கம்; வழியில் வரும் ஊர்கள் அதற்கு அணிகலன்கள்.

அத்தகைய கப்பல்களுள் பிரிட்டிஷ் மக்களின் விடுமுறைக்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஒன்றினை இங்கே ஆராய்வோம். அதன் பெயர் 'அயோனா'. ஸ்காத்லாந்தின் மேற்குக் கரையோரத்துத் தீவு ஒன்றின் பெயர் அது. பி. அண்டு ஓ. குரூசஸ் என்னும் கம்பெனிக்காக ஜெர்மனியில் கட்டப்பட்டு, 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்படைக்கப்பெற்றது. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சௌதாம்ப்டன் துறைமுகமே அதன் தாயகம். முகப்பில் பிரிட்டிஷ் கொடியின் உருவம் பெரிதாகத் தீட்டப்பட்டிருப்பதால், அது எவருக்காக மிதக்கிறது என்பது தூரத்திலிருந்தே விளங்கும்.

அதன் நீளம் ஏறத்தாழ 345 மீட்டர். பாரிஸ் நகரத்து ஈஃபில் கோபுரத்தை அதன் அருகே படுக்க வைத்தால் கோபுரமே சற்றுக் குட்டையாக இருக்கும். அகலம் சுமார் 42 மீட்டர். பிரயாணிகள் ஏறத்தாழ 5,200 பேரும், சிப்பந்திகள் சுமார் 1,800 பேரும் அதில் தங்கலாம். ஆக, 7,000 மக்கள் உண்டு உறங்கி வாழும் ஒரு சிற்றூரே கடலில் நகர்ந்து செல்கிறது எனலாம்.

கப்பலின் அளவைக் கூறும்போது 'டன்' என்ற சொல் அடிக்கடி வரும். அயோனா சுமார் 1,84,000 மொத்த டன் கொண்டது என்பர். இதனை எடை என்று கொள்வது பொருந்தாது. கப்பலின் உட்புறத்தில் எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதற்கே இந்தக் கணக்கு. முற்காலத்தில் நூறு கன அடி இடத்தை ஒரு டன் என்று வைத்து எண்ணினர். இப்போது சர்வதேச ஒப்பந்தப்படி ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகின்றனர். 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்' ஏறத்தாழ 46,000 டன். அதனைப் போல நான்கு மடங்கு இடம் அயோனாவுக்குள் இருக்கிறது என்றால், இதன் பெருமை புலப்படும்.

இக்கப்பலின் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. பி. அண்டு ஓ. என்பதிலுள்ள முதலெழுத்து ஐபீரியத் தீபகற்பத்தையும், இரண்டாவது எழுத்து கீழ்த்திசையையும் குறிக்கும். 1837-ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் தபால் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்தை இக்கம்பெனி பெற்றது. 1840-இல் அரச பட்டயம் கிடைத்துக் 'கீழ்த்திசை' என்னும் சொல்லும் பெயரோடு சேர்ந்தது. 1842-இல் 'இந்துஸ்தான்' என்ற நீராவிக் கப்பல் சௌதாம்ப்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பிரயாணம் சுருங்கியது. அரசாங்க உத்தியோகஸ்தர்களும், படைவீரர்களும், வணிகர்களும், கடிதங்களும் இக்கம்பெனியின் கப்பல்களில் நம் நாட்டுக்கு வந்தனவும் போயினவும் எண்ணிறந்தவை.

தபால் கப்பலில் உல்லாசமும் ஏறியது அக்காலத்திலேயே. 1844-இல் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் பிரயாணங்களைக் கம்பெனி விளம்பரப்படுத்தியது. நாவலாசிரியர் தாக்கரே அவ்வாறு சென்று வந்து, கெய்ரோ வரையிலான தம் பிரயாணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கல்கத்தாவில் பிறந்தவர் அவர் என்பது நாம் நினைவுகூரத்தக்கது. எனினும் அடுத்த நூறு ஆண்டுக் காலமும் உல்லாசம் இக்கம்பெனிக்கு உபதொழிலாகவே இருந்தது. மக்களை ஊர் சேர்ப்பதே முதற்றொழில்.

ஜெட் விமானம் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 1961-இல் 'கான்பரா' என்ற அழகிய கப்பல் ஆஸ்திரேலியாவுக்குத் தன் முதற் பிரயாணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 45,000 டன் கொண்ட அக்கப்பலைக் கட்டி முடித்தபோதே, அது எத்தொழிலுக்காகக் கட்டப்பட்டதோ அத்தொழில் நலியத் தொடங்கிவிட்டது. பல வாரங்களில் கடக்கும் தூரத்தை ஒன்றிரண்டு நாட்களில் பறந்து கடக்க முடியும் என்றால் எவர் கப்பலேறுவர்? கான்பராவை உடைத்து இரும்பாக விற்றுவிடலாமா என்ற யோசனைகூட எழுந்தது. அது தப்பிப் பிழைத்து, 1974 முதல் முழுநேர உல்லாசக் கப்பலாக மாறியது. 1982-இல் ஃபாக்லாந்துப் போருக்குப் படைவீரர்களைச் சுமந்து சென்று திரும்பியதும் பிரிட்டிஷ் மக்கள் அதன்மீது கொண்ட பற்று இன்னும் பெருகியது. 1997-இல் அது ஓய்வு பெற்றது. பாகிஸ்தானின் கடானிக் கடற்கரையில் உடைக்கப்பட்டது.

கான்பராவிலிருந்து கம்பெனி ஒரு பாடம் கற்றது. ஊர் சேர்க்கும் கப்பலை உல்லாசத்துக்கு மாற்றினாலும் ஏறுவதற்கு மக்கள் காத்திருக்கின்றனர். அவ்வாறெனில் அம்மக்களின் பழக்கவழக்கங்களை அளவெடுத்துப் புதிதாகவே ஒரு கப்பலைத் தைத்தால் என்ன? இதன் விளைவே 1995-இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் பெயர் சூட்டிய 'ஒரியானா'. சுமார் 69,000 டன். பிரிட்டிஷ் விடுமுறைப் பிரயாணிகளுக்கென்றே திட்டமிட்டு எழுப்பிய முதற் கப்பல் என்று அது போற்றப்பட்டது. சௌதாம்ப்டனிலிருந்து வெயில் மிகுந்த மத்தியதரைக் கடலை விரைவில் எட்டுதற்காக, மணிக்கு 24 கடல்மைல் வேகம் அதற்கு அளிக்கப்பட்டது. இடையே கொந்தளிக்கும் பிஸ்கே விரிகுடாவை விரைந்து கடந்தாக வேண்டுமன்றோ? அதன்பின் 2000-இல் 'அரோரா', 2008-இல் 'வெஞ்சுரா', 2010-இல் 'அசூரா', 2015-இல் 'பிரிட்டானியா' என்று வரிசை நீண்டது. பெரும்பாலும் அளவும் பெருகிக்கொண்டே வந்தது. அயோனாவுக்குப் பிறகு 2022-இல் அதன் தங்கையான 'ஆர்வியா' வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். உல்லாசக் கப்பல் பிரிவு 2000-ஆம் ஆண்டில் பழைய கம்பெனியிலிருந்து பிரிந்து, 2003-இல் அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனத்தோடு இணைந்தது. பழைய கம்பெனியை 2006-இல் துபாயைச் சேர்ந்த டி.பி. வோர்ல்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2022-இல் சுமார் 800 மாலுமிகளை ஒரே நாளில் வேலை நீக்கம் செய்து கண்டனத்துக்குள்ளான பி. அண்டு ஓ. ஃபெர்ரீஸ் இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தது. பெயர் ஒன்றாயினும் உடைமை வேறு.

இனி, பிரிட்டிஷ் மக்களுக்கென்று கப்பலில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். முதலாவது வசதி கப்பலுக்கு வெளியே இருக்கிறது. விமானம் ஏற வேண்டியதில்லை. வீட்டிலிருந்து காரில் புறப்பட்டுத் துறைமுகத்தில் இறங்கிக்கொள்ளலாம். பெட்டிகளை நிறுத்து எடை பார்க்கும் தொல்லை பெரும்பாலும் இல்லை. கப்பலுக்குள் செலவாணி பவுன். அறைதோறும் தேநீர் போட்டுக்கொள்ள மின்சாரக் கெண்டி. சுவரிலுள்ள மின்செருகு வீட்டில் இருப்பது போன்றே மூன்று முள் கொண்டது. பிற்பகலில் தேநீரும் சிற்றுண்டியும். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் எப்போதும் உண்டு. வாரத்தில் ஓரிரு மாலைகள் முறைப்படி உடையணிந்து உணவுக்கு வரும் வழக்கமும் உண்டு. கூட்டத்துக்கு அஞ்சுவோர், குழந்தைகளின் ஆரவாரம் வேண்டாதோர் ஆகியோருக்காக, வயதுவந்தவர் மட்டுமே ஏறக்கூடிய கப்பல்களையும் கம்பெனி தனியே வைத்திருக்கிறது.

இங்கிலாந்தின் வானமும் திட்டத்தில் இடம்பெற்றது. கோடையில் அயோனா பெரும்பாலும் வடக்கே நார்வே நாட்டுக்குச் செல்கிறது. அங்கே ஃபியோர்டு எனப்படும் குடாக்கள் உண்டு. பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து அவை உண்டாயின. இருமருங்கும் செங்குத்தான மலைகள் நிற்க, அருவிகள் விழ, கப்பல் நடுவே ஊர்ந்து செல்லும் காட்சி கண்கொள்ளாதது. ஆயின் மழைக்கும் குளிருக்கும் குறைவில்லை. ஆகவே நீச்சற்குளத்தின் மேலே கண்ணாடிக் கூரை ஒன்றை வேய்ந்திருக்கிறார்கள். மழை கொட்டினாலும் உள்ளே நீராடலாம்; மாலையில் அதே இடம் நாடக அரங்காகிவிடும். வெயிலைத் தேடி ஓடும் கப்பலாக ஒரியானா அமைந்தது. வெயில் இல்லாத இடத்திலும் விடுமுறையைக் காக்கும் கப்பலாக அயோனா அமைந்தது.

இத்தனைக்கும் நடுவே 'சிந்து' என்ற பெயரில் இந்திய உணவுச்சாலை ஒன்றும் உண்டு. நம் நாட்டு மசாலை பிரிட்டிஷ் நாவில் எவ்வளவு ஊறிவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? தம் நாட்டுப் பழக்கம் மாறாத கப்பல் என்று அவர்கள் கருதும் இடத்தில் நம் உணவும் அவர்தம் பழக்கமாகவே எண்ணப்படுகிறது.

வெளிநாடு காணச் செல்பவர் தம் வீட்டையே உடன் கொண்டு செல்வதா என்று சிலர் நகைப்பர். பிற மாநிலங்களில் வாழும் நாம் அவ்வாறு நகைக்க இயலாது. காப்பிப் பொடியும் இட்லிப் பானையும் நம்முடன் எத்தனை ரயில்களில் ஏறி வந்திருக்கின்றன! பழகிய உணவும் பழகிய பேச்சும் அருகிலிருந்தால் பழகாத ஊரைத் துணிவுடன் பார்க்கலாம் என்பது மனித இயல்பு. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாம் சென்ற ஊரில் தங்கி, அவ்வூர் மொழியைக் கற்று, அண்டை வீட்டாருடன் கொண்டும் கொடுத்தும் வாழ்கிறோம். உல்லாசக் கப்பலின் பிரயாணியோ காலையில் இறங்கி மாலையில் ஏறிவிடுகிறார். சில நூறு மக்களே வாழும் நார்வே நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரே நாளில் ஐயாயிரம் பேர் இறங்கினால், அவ்வூரார்க்கு அது வரவா, சுமையா என்ற கேள்வி எழுவது இயல்பே. வெனிஸ் நகரத்தில் இக்கேள்வி முற்றிப்போய், 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்கள் நகரின் நடுவேயுள்ள ஜியூடெக்கா கால்வாயில் நுழைவதை இத்தாலிய அரசாங்கம் தடை செய்தது.

கப்பல் பிறந்த இடமும் வியப்புக்குரியது. பிரிட்டிஷ் மக்களின் கப்பலாயினும் பிரிட்டனில் அது கட்டப்படவில்லை. இவ்வளவு பெரிய உல்லாசக் கப்பல்களைக் கட்டும் தொழில் அந்நாட்டை விட்டு எப்போதோ போய்விட்டது. இன்று ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், பின்லாந்து ஆகியவற்றிலேயே அது பெரிதும் நடைபெறுகிறது. அயோனாவைக் கட்டிய மையர் வெர்ஃப்ட் தளம் 1795-இல் தொடங்கப்பட்டது. அது கடற்கரையில் இல்லை. எம்ஸ் ஆற்றங்கரையில், பாப்பன்பர்க் என்ற உள்நாட்டு ஊரில் இருக்கிறது. கூரையிட்ட மாபெரும் கொட்டகைக்குள் கப்பலைப் பகுதி பகுதியாகச் செய்து பொருத்துகிறார்கள். பின் அதனைக் குறுகிய ஆற்றின் வழியே கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆற்றில் நீர் போதாது. ஆகவே கழிமுகத்தருகே 2002-இல் கட்டி முடிக்கப்பட்ட தடுப்பணையின் மதகுகளை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகின்றனர். இழுவைப் படகுகள் பற்றிக்கொள்ள, கப்பல் பின்புறம் முன்னாக மெல்ல மெல்ல நகரும். கரையிலுள்ள வயல்களிலிருந்து பார்ப்பவர்க்குப் புல்வெளி நடுவே ஒரு மாளிகை ஊர்வது போலத் தோன்றும்.

இவ்வளவு பெரிய கப்பல் நீரில் சுமார் 9 மீட்டர் ஆழமே அமிழ்ந்திருக்கிறது. மேலே பல மாடிகள் உயர்ந்திருப்பினும் கவிழாததற்குக் காரணம், இயந்திரங்கள், எண்ணெய், நீர்த்தொட்டிகள் முதலிய பாரமெல்லாம் அடியில் இருப்பதும், அகலம் மிகுந்திருப்பதுமேயாகும். அலையில் ஆடுவதைக் குறைக்க, மீனின் துடுப்புப் போன்ற இரு தகடுகள் பக்கங்களிலிருந்து நீண்டு மடங்கும். இயந்திரங்கள் சுழலியை நேரே சுழற்றுவதில்லை, மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அம்மின்சாரம் விளக்கெரிக்கிறது, அடுப்பெரிக்கிறது, காற்றைக் குளிர்விக்கிறது. பின்புறத்தில் நீருக்கடியில் தொங்கும் இரு மோட்டார்களையும் ஓட்டுகிறது. அம்மோட்டார்கள் எத்திசையிலும் திரும்புமாதலால் தனியாகச் சுக்கான் தேவையில்லை.

எரிபொருளாகத் திரவமாக்கிய இயற்கை வாயு பயன்படுகிறது. இவ்வாயுவை ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் உறைநிலைக்குக் கீழே குளிர்வித்தால் நீர்போலாகிச் சுமார் அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். பழைய கப்பல் எண்ணெயைப் போல இதில் கந்தகமும் கரியும் இல்லை. துறைமுகத்தருகே வாழ்வோர்க்கு இது பெரும் நன்மை. ஆயின் இதுவே முடிந்த முடிபு என்று கூறுவதற்கில்லை. இயற்கை வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். இயந்திரத்தில் எரியாமல் சிறிதளவு கசிந்தாலும், இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல எண்பது மடங்கு அளவுக்குப் பூமியை வெப்பமாக்க வல்லது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர். நிற்கும் கப்பல்கள் தம் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கரையிலிருந்தே மின்சாரம் பெறும் ஏற்பாடு சௌதாம்ப்டனில் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

பாதுகாப்பு ஏற்பாடுகள் கடந்தகால இடுக்கண்களால் வந்தவை. டைட்டானிக் மூழ்கிய பின், 1914-இல் கடலில் உயிர்காக்கும் சர்வதேச ஒப்பந்தம் பிறந்தது. 2012-இல் இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அக்கப்பலில் புதிதாக ஏறியவர்களுக்கு அபாயப் பயிற்சி இன்னும் நடைபெற்றிருக்கவில்லை. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ அப்பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது.

இதுவரை பிரயாணிகளைப் பற்றிப் பேசினோம். அறையைத் துப்புரவு செய்து, உணவு பரிமாறி, இயந்திரத்துக்கு எண்ணெயிட்டு இந்நகரத்தை நடத்தும் அந்த 1,800 பேர் எவர்? அவர்களில் இந்தியர் பலர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா நாட்டினரும் உண்டு. இக்கம்பெனியின் கப்பல்களில் நம்மவர் பணிபுரிவது புதிதன்று. நீராவிக் காலத்தில் மேல்தளத்தில் குஜராத்திக் கடலோடிகளும், கொதிகலன் அருகே பஞ்சாபியரும் பட்டாணியரும், உணவறையில் கோவாக்காரர்களும் இருந்தனர். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட அம்மாலுமிகளுக்குப் பிரிட்டிஷ் மாலுமியைவிடக் கூலி குறைவு, தங்குமிடம் குறுகல். இன்று நிலைமை பெரிதும் திருந்தியிருக்கிறது. வேறுபாடு முற்றும் அழிந்துவிட்டதென்று கூறலாகாது. கரையிலுள்ள பிரிட்டிஷ் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடுக்கடலில் பணிபுரியும் அயல்நாட்டுச் சிப்பந்திக்குப் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஒரே கப்பலில் ஒருவரின் விடுமுறையும் மற்றொருவரின் பல மாத வீட்டுப் பிரிவும் ஒருங்கே நடைபெறுகின்றன. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது பிரயாணிகள் வீடு திரும்பினர். உலகெங்கும் கப்பல் சிப்பந்திகள் பல்லாயிரவர் ஊர் திரும்ப வழியின்றி மாதக்கணக்கில் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்தனர்.

ஆகவே இவ்வேலையை நாடும் இளைஞர்கள் நம் குடும்பங்களில் இருப்பின், அவர்கள் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம். கடற்றொழிலாளர் உரிமைகளைக் கூறும் சர்வதேச உடன்படிக்கை 2006-இல் நிறைவேறி 2013-இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதனை ஏற்றது. அதன்படி எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி ஓய்வும், ஏழு நாட்களில் 77 மணி ஓய்வும் தருவது, அல்லது வேலை நேரத்தை 24 மணிக்கு 14 ஆகவும் வாரத்துக்கு 72 ஆகவும் வரையறுப்பது என்ற இரண்டில் ஒன்றை நாடுகள் கடைப்பிடிக்க வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியைச் சிப்பந்தியிடம் தரவேண்டும். பணிக்காலம் முடிந்தபின் ஊர் திரும்பும் செலவு கப்பல் உடையவருடையது. வேலை தேடித் தருவதற்கென்று ஏஜெண்டு சிப்பந்தியிடம் கட்டணம் வாங்குவது தடை செய்யப்பட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டு, மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவை மட்டுமே அவர் ஏற்கலாம்.

நம் நாட்டில் மாலுமிப் புத்தகத்தைச் சி.டி.சி. என்பர். ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும்; ஆர்.பி.எஸ்.எல். என்பது அவ்வுரிமத்தின் பெயர். உரிமம் பெற்றோரின் பட்டியலை அவ்வியக்குநரகமே வெளியிடுகிறது. கப்பல் வேலை என்று கூறி லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவரிடம் ஒரு காசு கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தாலும், வேலைக்காகப் பணம் கேட்பது விதிக்கு மாறானது என்பதை மறவாதீர்கள். நகைகளை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்தவர்களின் துன்பம் சொல்லி முடியாதது. கப்பலேறுவதற்கு முன்பே கடனில் மூழ்குவானேன்? உரிய பயிற்சியும், உரிய சான்றும், உரிய ஒப்பந்தமும் உடையவனுக்கு இது கண்ணியமான தொழில். நீந்தவும், தீயணைக்கவும், முதலுதவி செய்யவும் கற்று, அறைச் சிப்பந்தியாகவோ எஞ்சின் அறையிலோ பணிபுரியும் நம்மவர் ஒருவர், நார்வே மலைகளைத் தம் ஓய்வு நேரத்தில் மேல்தளத்திலிருந்து காண்கிறார் எனில், அக்காட்சியில் அவருக்கும் பிரயாணிக்குச் சமமான உரிமை உண்டு.